எந்த மீனோடு எந்த மீன்? யாங்கூன் தண்ணீருக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி தொட்டிக்குக் கூட்டாளி தேர்வு

சனிக்கிழமை மாலை மீன்கடையிலிருந்து வீடு போகும் பைகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது இதுதான்: ஒரு ஏஞ்சல், ஆறு நியான் டெட்ரா, இரண்டு டைகர் பார்ப், கண்ணாடியைச் சுத்தம் செய்ய என்று ஒரு சக்கர், பிள்ளை அடம்பிடித்ததால் ஒரு கோல்டு பிஷ். இவ்வளவும் ஒரு இரண்டடித் தொட்டிக்கு. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் வால் கிழிந்த ஏஞ்சலும் விரலைவிட நீண்டுவிட்ட சக்கரும் மட்டும் மிஞ்சியிருக்கும். வாங்கியவர் மருந்தையும் கடையையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தப் பையில் நோயுள்ள மீன் ஒன்றுகூட இருந்திருக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுத்த வரிசைதான் தவறு. முதலில் மீனைப் பிடித்துப்போய் வாங்கி, பிறகு தண்ணீரை அதற்கேற்ப மாற்றப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. தண்ணீர், வெப்பம், வாய் அளவு, குணம், எண்ணிக்கை என்ற வரிசையில் சலித்துக்கொண்டே வந்தால் கடைசிச் சல்லடையில் தங்கும் மீன்களில் எதை எடுத்தாலும் ஒத்துப்போகும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பையையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்போம்.

1. மீன் வாங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தெர்மோமீட்டர். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்ற மூன்று கழிவுகள், பி.எச். என்ற அமில, கார அளவு, கரைந்த தாது உப்பைக் காட்டும் கடினத்தன்மை ஆகிய ஐந்தையும் பார்க்கும் சொட்டு டெஸ்ட் கிட். பட்டை வடிவில் வரும் டெஸ்ட் ஈரக்காற்றில் சீக்கிரம் கெட்டுவிடும். மழைக்காலத்தில் திறந்த டப்பாவை நம்ப முடியாது.

20 முதல் 30 லிட்டர் கொள்ளும் இன்னொரு சிறு தொட்டி அல்லது பிளாஸ்டிக் டப்பா. அதற்கென்று தனி வலை, தனி வாளி, தனி குழாய். புது மீனைத் தனியே வைக்க இது வேண்டும். இது இல்லாமல் தொடங்குகிறவர்கள்தான் ஒரே மீனால் மொத்தத் தொட்டியையும் இழக்கிறார்கள்.

பெரிய தொட்டிக்கு இறுக்கமான மூடி. டானியோ இனங்கள் எல்லாமே குதிக்கும்.

ஃபில்டர் ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். அதாவது மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை உணவு போட்டு அழுகவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி இரண்டும் பூஜ்யத்தில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் அதில் பாதிக் காலத்திலேயே முடிந்துவிடும். இந்தக் கட்டம் முடியாமல் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டாம். பழகாத தொட்டியில் சாகும் மீனைப் பார்த்துக் கூட்டாளி சரியில்லை என்று தவறாக முடிவு கட்டிவிடுவீர்கள்.

2. உங்கள் தண்ணீரை ஒரு வாரம் அளந்து எழுதுங்கள்

தொட்டியில் ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏழு நாள், காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். சராசரியைவிட இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். ஒரே நாளில் நான்கு டிகிரிக்கு மேல் ஏறி இறங்கினால் தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்துங்கள்.

இந்தக் கணக்கைச் சித்திரையில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் எடுப்பது நல்லது. ஏப்ரலில் யாங்கூனில் பகல் வெப்பம் சராசரியாகவே 37 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். தகரக் கூரை வீட்டில் தொட்டித் தண்ணீர் 31, 32 தொடுவது சாதாரணம். டிசம்பர், ஜனவரி விடியலில் அதே தொட்டி 22க்கு இறங்கும்.

அடுத்தது கடினத்தன்மை. ஏரித் தண்ணீர் குழாயில் வரும் வீட்டுக்கும் ஆழ்துளைக் கிணறு போட்ட பக்கத்து வீட்டுக்கும் இது அடியோடு மாறும். அதனால் அக்கம்பக்கத்தாரின் தொட்டியில் எது வாழ்கிறது என்பது உங்களுக்குச் சாட்சியாகாது. கடினத்தன்மையின் அளவான ஜி.எச். 6 வரை மென்னீர், 7 முதல் 12 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடினநீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் பிடித்த சிறிது நேரத்தில் பழுப்பேறி வாளியில் துருக்கறை படிந்தால் அதில் இரும்பு இருக்கிறது. டிரம்மில் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் ஓடவிட்டு, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். அப்படியே ஊற்றினால் இரும்பு செவுளில் படியும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் இதே டிரம், இதே ஏர் பம்ப், இன்னும் ஒரு நாள் கூடுதலாக; அல்லது ஆன்டி குளோரின் சொட்டு.

3. முதல் சல்லடை: வெப்பம்

பெரும்பாலான பட்டியல்கள் சண்டை போடும் மீனா, சாதுவா என்றுதான் தொடங்கும். இங்கே அதற்கு முன்பே வெப்பம் பாதி மீனைத் தள்ளிவிடும். தனக்கு ஒவ்வாத வெப்பத்தில் மீன் அன்றே சாவதில்லை. மூச்சு வேகமாகி, எதிர்ப்புச் சக்தி குறைந்து, ஆறு மாதத்தில் ஏதோ ஒரு நோயில் போகும். காரணம் வெப்பம் என்று யாருக்கும் தோன்றாது.

கோல்டு பிஷ் 18 முதல் 23 டிகிரி மீன். நியான் டெட்ரா 21 முதல் 25. ஒயிட் கிளவுட் 22க்கு மேல் வேண்டாம் என்னும். ஏஞ்சலுக்கு 24 முதல் 29. ஆகவே நம் பையில் கோல்டு பிஷ்ஷும் ஏஞ்சலும் ஒரே தண்ணீரில் சேரவே முடியாது; ஒன்றுக்கு ஏற்றது மற்றதற்குத் தண்டனை.

ஒரே தோற்றத்தில் வெப்பம் தாங்கும் மாற்று மீன் பெரும்பாலும் உண்டு. நியானுக்குப் பதில் கார்டினல் டெட்ரா: சிவப்புக் கோடு தலையிலிருந்து வால்வரை ஓடும், 29 வரை தாங்கும். அடியில் மேயும் சிறு கெளுத்திகளான கோரிகளில், பாண்டா கோரிக்குப் பதில் ஸ்டெர்பாய் கோரி, 28 வரை. ஹார்லிக்வின் ராஸ்போரா 23 முதல் 28. குலி அயிரை 24 முதல் 30. பெட்டா, அதாவது ஃபைட்டர், 24 முதல் 30.

இங்கே புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று இருக்கிறது: “நம்ம பர்மா மீன்தானே, நம்ம ஊர்த் தண்ணீர் ஒத்துக்கும்.” கேலக்ஸி ராஸ்போரா ஷான் மாநிலத்தில் ஹோபோங் பக்கம் 2006இல் கண்டெடுக்கப்பட்டு, 2007இல் டைசன் ராபர்ட்ஸ் பெயர் சூட்டிய மீன். அது பிறந்த குட்டைகள் கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இன்லே ஏரியும் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புக் கல் சூழ்ந்த இடத்தில். அதனால் தண்ணீர் குளிர்ச்சி, காரத்தன்மை உள்ளது. அந்த ஏரியின் சிவப்புத் தலை சாப்வா மீன், எமரால்டு டானியோ, ஹோபோங்கின் கேலக்ஸி மூன்றுமே 20 முதல் 25 டிகிரிக்குள் இருப்பவை. யாங்கூனின் 31 டிகிரி மென்னீரில் இவை வெளிநாட்டு மீன்தான். பிரேசிலின் கார்டினலுக்கு யாங்கூன் ஒத்துப்போகும் அளவுக்கு இன்லேயின் மீனுக்கு ஒத்துப்போகாது.

மாறாக, ஐராவதிச் சமவெளியின் தடித்த உதட்டுக் கௌராமி நம் தாழ்நில வெப்பத்துக்குப் பழகியது. மீனின் பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் அது வாழும் உயரத்தைப் பாருங்கள்.

தொட்டியின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறையும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அந்த அளவு குறையாது. பனிக்கட்டிப் பை போடுவது வேண்டாம். உருகியதும் மறுபடி ஏறும், அந்த ஏற்ற இறக்கமே மீனை வாட்டும்.

4. இரண்டாம் சல்லடை: கடினத்தன்மை

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் கடினநீர் மீன்கள். மென்னீரில் மோலி துடுப்பை மடக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே உடலை ஆட்டிக்கொண்டிருக்கும். குளிரில் நடுங்குவதுபோலத் தெரியும். உண்மையில் தாது உப்பு போதாமை. டெட்ரா, ராஸ்போரா, டிஸ்கஸ், ஏஞ்சல் போன்றவை மென்னீரிலும் நடுத்தரத்திலும் நன்றாக இருக்கும். மலாவி ஏரிச் சிக்லிட் பி.எச். 7.8க்குக் கீழே சுகப்படாது.

மோலியையும் கார்டினலையும் ஒரே தொட்டியில் வைத்து நடுவில் ஒரு பி.எச்.சுக்கு ரசாயனம் ஊற்றிச் சமன் செய்யப் பார்ப்பவர்கள் உண்டு. தண்ணீரின் தாங்குசக்தி அந்த மாற்றத்தை இரண்டு நாளில் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். மீனுக்குக் குறைந்த பி.எச்.சைவிட ஏறி இறங்கும் பி.எச். கொடியது. உங்கள் தண்ணீர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து மீனை எடுங்கள். மென்னீரில் கப்பிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சிப்பி ஓட்டுத் துண்டுகளை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள். மெதுவாகக் கரைந்து கடினத்தைக் கூட்டும். முழுத் தொட்டியும் அப்போது கடினநீர் மீனுக்கே.

5. மூன்றாம் சல்லடை: வாய்

கடையில் இருக்கும் மீன் குஞ்சு. அது வளர்ந்தபின் வாய் எவ்வளவு, பக்கத்து மீனின் உடல் தடிமன் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். நுழையும் என்றால் ஒருநாள் நுழைந்துவிடும்.

நம் பையின் ஏஞ்சல் வாங்கும்போது ஐந்து ரூபாய் நாணய அளவு. வளர்ந்தபின் உடல் மட்டும் 15 சென்டிமீட்டர், துடுப்போடு நிமிர்ந்தால் அதைவிட உயரம். நியான் ஒல்லியான நாலு சென்டிமீட்டர். ஆறு மாதம் ஒற்றுமையாக இருக்கும். பிறகு ஒவ்வொரு விடியலிலும் ஒன்று குறையும். சண்டைச் சத்தமோ காயமோ இருக்காது. “நியான் எங்கே ஒளிந்துகொண்டது?” என்று செடிக்குள் தேடுவார்கள்.

சிறு விரால் இனங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ரக்கைன் பக்கத்து வண்ண விரால்கள், இன்லேயின் குட்டை விரால் எல்லாம் கண்ணைப் பறிக்கும். தனித் தொட்டி, ஒரு ஜோடி, இறுக்கமான மூடி. கூட்டாளி தேடாதீர்கள்.

சக்கருக்கு வேறு கணக்கு. அது யாரையும் விழுங்காது, ஆனால் 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். இரண்டடித் தொட்டியின் அகலமே 30 சென்டிமீட்டர்தான், திரும்பக்கூட இடமிருக்காது.

6. நான்காம் சல்லடை: குணம்

சண்டைக்காரன், சாது என்று இரண்டே பெட்டி வைத்தால் ஏமாறுவீர்கள். தொந்தரவு நான்கு விதம். ஒவ்வொன்றுக்கும் பாதிக்கப்படுபவர் வேறு.

வால் கடிப்பது. டைகர் பார்ப், செர்பே டெட்ரா. இவை கோபத்தில் கடிப்பதில்லை. தம் கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்று தீர்க்க ஓடிப் பிடித்துக் கடித்துக்கொண்டே இருக்கும். பத்து இருந்தால் பெரும்பாலும் தமக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். நம் பையில் இரண்டுதான் இருந்தன. அவற்றுக்குக் கிடைத்த ஒரே விளையாட்டுப் பொருள் ஏஞ்சலின் நீண்ட இழைத்துடுப்பு. கிழிந்த இடத்தில் பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்ததும் கடைக்கு ஓடி மருந்து வாங்குவார்கள். கடிப்பவரை வெளியே எடுக்காமல் எந்த மருந்தும் பயன்தராது. பத்து டைகர் பார்ப் வைத்தாலும்கூட ஏஞ்சல், பெட்டா, கப்பி, கௌராமி ஆகியவற்றோடு வைக்காதீர்கள்.

இடம் பிடிப்பது. சிக்லிட் ஜோடி, ஆண் கௌராமி, ஆண் பெட்டா. இவற்றுக்குத் தன்னைப்போல் இருப்பவர் மேல்தான் காய்ச்சல். ஆகவே பெட்டாவையும் கௌராமியையும் சேர்க்க வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம். அகன்ற வண்ண வாலுள்ள ஆண் கப்பியைப் பெட்டா இன்னொரு பெட்டா என்றே நினைத்து அடிக்கும். ஒரு சிறு தொட்டியில் ஒரே இனக் குடும்பத்திலிருந்து ஒரே ஒரு ஆண் போதும்.

உடல் வழுவழுப்பை உறிஞ்சுவது. சைனீஸ் ஆல்கி ஈட்டர் என்று விற்கப்படும் பொன்னிற மீன் குஞ்சில் பாசி தின்னும். வளர வளரப் பாசியை விட்டுவிட்டு மெதுவாக நீந்தும் தட்டை மீன்களின் விலாவில் ஒட்டும். பசித்த சக்கரும் இரவில் ஏஞ்சல், டிஸ்கஸ் மேல் இதைச் செய்யும். பகலில் பார்த்தால் எதுவும் தெரியாது. காலையில் ஏஞ்சலின் பக்கவாட்டில் செதில் உரிந்த வட்டத் தழும்பு இருந்தால் இதுதான். பாசி தின்ன நத்தையோ சிறிய பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோவோ போதும். பாசிக்கென்று மீன் வாங்குவதைவிட விளக்கு எரியும் நேரத்தை எட்டு மணி நேரமாகக் குறைப்பது மலிவு.

நான்காவது, ஓயாத ஓட்டம். இது யாருடைய கண்ணிலும் படாத தொந்தரவு. மிச்சினாப் பக்கத்து குளோலைட் டானியோவும், பர்மியச் சொல்லால் சிறுத்தை என்று பெயர் பெற்ற கயாதிட் டானியோவும் யாரையும் கடிப்பதில்லை. ஆனால் நாள் முழுக்க ஓடும், உணவு விழுந்த நொடியில் பறிக்கும். அவற்றோடு இரண்டு சென்டிமீட்டர் கேலக்ஸியை வைத்தால் அது செடிக்குள் பதுங்கியே பட்டினி கிடக்கும். வேகமானவரோடு வேகமானவர், கூச்சக்காரரோடு கூச்சக்காரர். இந்த ஒன்றைப் பின்பற்றினாலே பாதித் தொட்டிகள் பிழைத்துவிடும்.

7. எண்ணிக்கையும் ஆண், பெண் கணக்கும்

கூட்டமாக வாழும் மீனை ஒன்றிரண்டாக வாங்குவது கருணை இல்லை. டெட்ரா, ராஸ்போரா, டானியோ எட்டுக்குக் குறையக் கூடாது. கோரி ஆறு. குலி அயிரை ஐந்து. சால்வீன் படுகையின் அத்தரான் ஆற்று போட்டியா அயிரையும் ஐந்துக்குக் குறையாமல். அது பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதால் நான்கடித் தொட்டி உள்ளவர்கள் மட்டும் யோசிக்கலாம். குறைந்த எண்ணிக்கையில் இவை நிறம் மங்கும், ஒளியும், அல்லது பக்கத்து மீனைச் சீண்டும்.

பல இனங்களில் இரண்டிரண்டு வாங்குவதைவிட ஓர் இனத்தில் பத்து எடுப்பது பார்வைக்கும் அழகு.

கப்பி, பிளாட்டி, மோலியில் ஓர் ஆணுக்கு மூன்று பெண். சரிபாதி எடுத்தால் ஆண்கள் விரட்டி விரட்டியே பெண்ணைக் கொல்லும். குட்டிகளைச் சமாளிக்க முடியாது என்றால் ஆண் கப்பி மட்டும் எட்டு வையுங்கள். பெண் கப்பி மாதம் ஒருமுறை ஈனும். கடையிலிருந்து வரும் பெண் ஏறக்குறைய எப்போதும் சினையாகத்தான் இருக்கும்.

ஒடெஸ்ஸா பார்ப் நம் பர்மாவின் சிண்ட்வின் ஆற்றுப் பக்கத்து மீன். உக்ரைனின் ஒடெஸ்ஸா சந்தையில் முதலில் அறியப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது; 2008இல் அறிவியல் பெயர் வைத்தபோது மாணிக்கத்துக்கான பர்மியச் சொல்லான பதமியாவை வைத்தார்கள். ஆண்கள் மட்டும் சிவக்கும் என்று ஆண்களையே பொறுக்கி எடுப்பார்கள். மூன்று ஆணுக்கு ஐந்து பெண் இருந்தால்தான் அந்தச் சிவப்பு வெளிப்படும். பெண்கள் இல்லாத இடத்தில் அடிவாங்கும் ஆண் நிறத்தை ஒளித்துக்கொள்ளும்.

8. தொட்டி எவ்வளவு தாங்கும்?

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61ஆல் வகுத்தால் லிட்டர். 24க்கு 12க்கு 15 அங்குலத் தொட்டி 70 லிட்டர் என்று விற்கப்படும். மேலே இரண்டு அங்குலம் விட்டு, கீழே ஒன்றரை அங்குலம் மணல் போட்டால் உள்ளே நிற்பது 55 லிட்டர் தண்ணீர்தான். கணக்கை இந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு லிட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் மீன் என்ற பழைய விதி சின்ன மீனுக்குத்தான் பொருந்தும். நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். 30 சென்டிமீட்டர் சக்கர் ஒன்று, மூன்று சென்டிமீட்டர் டெட்ரா பத்துக்குச் சமம் இல்லை. கழிவில் அது பல நூறு டெட்ராவுக்குச் சமம்.

நம்பத்தக்க அளவு டெஸ்ட் கிட்தான். வாரம் 30 விழுக்காடு தண்ணீர் மாற்றியும் அடுத்த மாற்றத்துக்கு முன் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நின்றால் மீன் கூடிவிட்டது, அல்லது தீனி கூடிவிட்டது.

மின்வெட்டுள்ள ஊரில் இதிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் 7.6 மட்டுமே. வெயிலில் மீன் கூடுதலாக மூச்சுவிடும், தண்ணீரில் இருப்பதோ குறைவு, அந்த நேரத்தில்தான் மின்சாரமும் போகும். பெட்டாவும் கௌராமியும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். ராஸ்போராவுக்கு அந்த வசதி இல்லை.

9. சலித்தபின் தங்கும் சில கூட்டணிகள்

இரண்டடித் தொட்டி, மென்னீர், ஹீட்டரில்லாத யாங்கூன் வீடு: ஹார்லிக்வின் எட்டு, குலி அயிரை ஐந்து, ஹனி கௌராமி ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நடுவில் கூட்டம், அடியில் அயிரை, மேலே கௌராமி. உணவும் மூன்று விதமாகப் போக வேண்டும்: மிதக்கும் தூள், மெதுவாக மூழ்கும் குருணை, விளக்கணைத்தபின் அயிரைக்கு மூழ்கும் வில்லை. “மிச்சம் மீதியைத் தின்னும்” என்று அடிமீனை வாங்கினால் அது மெலிந்து சாகும். அயிரைக்கும் கோரிக்கும் மணல்தான். கூரான சரளை மீசையைத் தேய்த்துவிடும்.

அதே தொட்டி, கடினமான கிணற்று நீர்: ஆண் கப்பி எட்டு, நெரைட் நத்தை மூன்று. இதற்கு மேல் எதையும் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள்.

மூன்றடித் தொட்டி, 18 அங்குல உயரம், மென்னீர்: ஏஞ்சல் ஒரு ஜோடி, ரம்மிநோஸ் டெட்ரா பத்து, ஸ்டெர்பாய் கோரி ஆறு. எல்லாம் 26 முதல் 28 டிகிரியில் ஒத்துப்போகும். ரம்மிநோஸ் முழு வளர்ச்சியோடும், ஏஞ்சல் குட்டியாகவும் உள்ளே போக வேண்டும்.

தவுங்ஜி போன்ற மேட்டு ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் வாய்க்கும் தொட்டி: அடர்ந்த செடி, கேலக்ஸி நான்கு ஆண் ஆறு பெண், எமரால்டு டானியோ எட்டு. குளிர்கால இரவுக்கு ஹீட்டரை 22இல் வையுங்கள்.

10. கடையில்

முதலில் தொட்டியைப் பாருங்கள், பிறகு மீனை. ஒரு மீன் செத்து மிதந்தாலும், வெண்புள்ளி தெரிந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து ஒன்றும் எடுக்காதீர்கள். பல கடைகளில் ஒரே ஃபில்டரில் பல தொட்டிகள் இணைந்திருக்கும், அப்படியானால் அந்த வரிசையிலேயே வேண்டாம். உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்க வேண்டாம்.

ஏப்ரல் மாதத் தண்ணீர்த் திருவிழா விடுமுறைக்கு முந்தைய வாரம் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். ஆண்டின் கொடும் வெயில், கடைகள் அடைப்பு, வீட்டில் ஆளில்லாமை மூன்றும் ஒரே வாரத்தில் சேரும்.

11. தனித்தொட்டியில் நான்கு வாரம்

பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிறு கோப்பை தொட்டித் தண்ணீரைப் பையில் சேர்த்து, முக்கால் மணி நேரம் கழித்து மீனை வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

இரவு பஸ்ஸில் வந்த பை என்றால் முறையே வேறு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மூடியிருந்த பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும்; கரியமில வாயுவால் பி.எச். தாழ்ந்திருப்பதால் அது அதுவரை அவ்வளவாகத் தாக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அம்மோனியா விஷமாகிவிடும். ஆகவே வெப்பத்தை மட்டும் மூடிய பையிலேயே சமப்படுத்தி, திறந்த கையோடு மீனை எடுத்து விடுங்கள். மெதுவாகக் கலப்பதுதான் எப்போதும் நல்லது என்று நினைத்துத் தூரத்திலிருந்து வந்த மீனைக் கொன்றுவிடுகிறார்கள்.

நான்கு வாரமும் தின்கிறதா, கல்லில் உரசுகிறதா, சாணம் வெள்ளை நூல்போல் போகிறதா என்று பாருங்கள். மருந்து போட நேர்ந்தால், அயிரையும் கோரியும் மருந்தை எளிதில் தாங்காது. பாதி அளவில் தொடங்குங்கள். இங்கே பயன்படுத்திய வலையைப் பெரிய தொட்டியில் நனைத்தால் நான்கு வாரமும் வீண்.

12. உள்ளே விடும் வரிசை

கூச்சமுள்ள கூட்ட மீன் முதலில். இரண்டு வாரம் கழித்து அடிமீன். இன்னும் இரண்டு வாரம் கழித்து, இடம் பிடிக்கும் மீன் கடைசியில். முதலில் போகிறவர் தொட்டி முழுவதையும் தன் வீடாக நினைப்பார். ஆண் கௌராமியை முதலில் விட்டால் பின்னால் வருபவர் எல்லாம் அதன் கண்ணுக்குத் திருடர். இடைவெளிக்கு இன்னொரு காரணம், ஃபில்டரின் நுண்ணுயிர் புதிய கழிவுக்கு ஏற்பப் பெருக நாள் வேண்டும். ஒவ்வொரு முறை விட்டபின் மூன்றாம் நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் அடுத்த கூட்டம் காத்திருக்கட்டும்.

வரிசை ஏற்கெனவே தவறிவிட்டதா? விளக்கை அணைத்து, கட்டையையும் கல்லையும் இடம் மாற்றி வைத்து, அதன்பின் புதியவரை விடுங்கள். பழையவருக்கும் அது புது இடமாகிவிடும்.

13. முதல் பத்து நாள்

இரண்டு வேளை பாருங்கள்: தீனி போடும்போதும், விளக்கணைத்துப் பத்து நிமிடம் கழித்து டார்ச்சோடும். ஒருவர் எப்போதும் ஃபில்டருக்குப் பின்னால், தலை கீழாகவோ மேற்பரப்பை ஒட்டியோ நின்றால் அவரை யாரோ விரட்டுகிறார்கள். ஒரு நாள் விரட்டல் சகஜம். மூன்றாம் நாளும் தொடர்ந்தால், அல்லது துடுப்பில் பிறை வடிவக் கடி தெரிந்தால், விரட்டுபவரைத் தனித்தொட்டிக்கு மாற்றி ஒரு வாரம் வையுங்கள். அடிபட்டவரை எடுத்தால் விரட்டுபவர் அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பார்.

எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்தால் அது சண்டை இல்லை, மூச்சுத் திணறல். மின்சாரம் இல்லாவிட்டால் பேட்டரி ஏர் பம்ப். அதுவும் இல்லாவிட்டால் குவளையால் தண்ணீரை எடுத்து ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். வெட்டு நேரத்தில் தீனி கிடையாது. வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றுபோயிருந்தால், மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே அழுகிய தண்ணீரைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு ஓட்டுங்கள்.

14. ஒத்துப்போகாதவரை என்ன செய்வது?

கடைக்காரரிடம் திருப்பித் தர முடியுமா என்று வாங்கும் அன்றே கேட்டு வையுங்கள். சக்கரையும் கோல்டு பிஷ்ஷையும் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். பெரிய தொட்டியோ சிமென்ட் குளமோ உள்ள தெரிந்தவர் இன்னொரு வழி.

யாங்கூனின் இன்யா ஏரியிலோ கந்தோஜி ஏரியிலோ கொண்டுபோய் விட்டுவிடலாம், உயிர்விடுதலை புண்ணியமும் சேரும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சக்கர் இப்படித்தான் பல ஆசிய நாடுகளின் ஆறுகளில் குடியேறி, கரையைக் குடைந்து, உள்ளூர் மீனின் முட்டையைத் தின்றுகொண்டிருக்கிறது. புண்ணியத்துக்கு மீன் விட வேண்டுமானால் அந்த நீரிலேயே பிடிபட்ட மீனை விலைக்கு வாங்கி, அதே நீரில் விடுங்கள். தொட்டி மீன் தொட்டிக்கே போகட்டும்.